சகேயுவின் இரண்டு கணக்கு

எங்கள் அண்ணாச்சியைக் கஞ்சர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதலாளியை அண்ணாச்சி என்று அழைப்பது தெற்கத்திக் கடைகளின் வழக்கம். சென்னை தியாகராய நகரில் எங்கள் ஜவுளிக்கடை ஐந்து மாடி எழும்பிய பிறகும் அது மாறவில்லை. ஊர் கிறிஸ்தவ சபையில் அசன விழா என்னும் பொது விருந்து என்றால் அரிசி மூட்டைகள் அவர் கணக்கில் வந்து இறங்கும். கோவிலுக்கு மின்விசிறி, ஒலிபெருக்கி, போதகர் குடியிருக்கும் குருமனைக்கு வெள்ளையடிப்பு எல்லாம் அவர் உபயம். கிறிஸ்துமஸ் வந்தால் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு சேலை அல்லது சட்டைத்துணி, அதோடு ஒரு கேக். கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்ததால் இந்தச் செலவுகளுக்கெல்லாம் வவுச்சர் எழுதியவன் நான். மாதக் கடைசியில் அதே மேசைக்குச் சம்பளப் பிடித்தப் பட்டியலும் வரும்.

அந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு 100 ரூபாய்க்கு 75 காசு, பி.எஃப். சேமநிதிக்கு 12 ரூபாய். இவை சட்டப்படியான பிடித்தங்கள். இவற்றைப் பற்றிப் பேச்சில்லை. அவற்றுக்குக் கீழே சூப்பர்வைசர்கள் எழுதி அனுப்பும் பத்திகள் தொடங்கும். பத்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம். கைபேசி வைத்திருந்ததற்கு ஒரு தொகை. தூணில் சாய்ந்ததற்கு ஒரு தொகை. அது கேமராவில் பார்த்துப் போட்டது. ஒரு சுடிதார் செட் காணாமல் போனால் அதன் விலை அந்தப் பிரிவில் நிற்கும் பெண்கள் எல்லோர் தலையிலும் பங்கு பிரியும். எடுத்தவர் யார் என்று யாரும் தேடுவதில்லை. தேடுவதற்கு ஆகும் செலவை விடப் பங்கு போடுவது மலிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்ந்த முதல் மாதச் சம்பளம் வைப்புத் தொகையாகக் கடையிலேயே நிற்கும். முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டால் அது போயிற்று. பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழின் அசலும் அலமாரியில் இருக்கும்.

அபராதப் பணம் முதலாளிக்கு வருமானம் ஆகக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பழைய கொள்கை. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், அபராதம் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. வசூலான தொகை தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும் என்றும் சொன்னது. வெள்ளைக்காரன் காலத்திலேயே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். எங்கள் கடையில் அந்தத் தொகை ‘இதர வரவு’ என்ற தலைப்பில் போய்ச் சேரும்.

பழைய ஜவுளிக்கடைகளை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும்: தரையில் மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார், வாங்க வருகிறவர்களும் உட்காருவார்கள். சேலைகள் மடியிலிருந்து மடிக்கு நகரும். கவுண்டரும் குளிர்சாதனமும் வந்தபோது அந்த மெத்தை போய்விட்டது. வாங்க வருகிறவருக்கு நாற்காலி வந்தது. விற்கிறவருக்கு ஒன்றும் வரவில்லை. காலை ஒன்பதரை மணிக்கு விற்பனைத் தளத்துக்கு வரும் பெண் இரவு ஒன்பதரைக்கு இறங்கும்வரை நிற்கிறாள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கழிப்பறைக்குப் போகச் சூப்பர்வைசரின் தலையசைப்பு வேண்டும். கல்யாண முகூர்த்த மாதங்களில் ஒரு குடும்பம் நாற்பது சேலைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, “அப்புறம் வருகிறோம்” என்று எழுந்து போகும். நாற்பதையும் பழைய மடிப்பிலேயே, ஜரிகை உடையாமல் மடித்து அடுக்க வேண்டும். சாத்தான்குளம் பக்கத்துப் பெண் ஒருத்தி விடுப்புக் கடிதம் கொடுக்க என் அறைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் வர வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஏற்பாடு. அவளுடைய கணுக்காலில் செருப்பு வார் பதிந்த பள்ளம், நான் கடிதத்தைப் படித்துக் கையெழுத்து வாங்கி முடிக்கும்வரை நிரம்பவில்லை. அவளுக்கு வயது இருபது இருக்கலாம். “உட்காரம்மா” என்றேன். “வேண்டாம் அண்ணே, உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது வலி அதிகம்” என்றாள்.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம், பி. விஜி என்ற தையல் தொழிலாளியின் முன்முயற்சியில் உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது: வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும். எங்கள் கடையிலும் மாடிக்கு நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கினோம். பில்லை நான்தான் பதிந்தேன். கொஞ்ச நாளில் அவற்றின்மேல் பார்சல் உறைகள் அடுக்கப்பட்டிருந்தன. உட்காரலாம் என்று சட்டம் சொல்லியிருந்தது. உட்கார்ந்தவள் பெயர் மாத விற்பனைப் பட்டியலில் எங்கே நிற்கும் என்பதைச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் கடைக்குப் பெருநாள். வார விடுமுறை செவ்வாயோ புதனோ விழும். எங்கள் பெண்களில் பாதிக்கு மேல் சபைப் பிள்ளைகள். ஞாயிறு ஆராதனைக்கு அவர்கள் போவது ஊருக்குப் போகும்போது மட்டும்தான். டிசம்பர் 24-ஆம் தேதி இரவு கடை மூடப் பதினொன்று ஆகும். விடிகாலை நான்கு மணி கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தூங்காமலே போவார்கள். ஆண்டின் 365 நாளும் 24 மணி நேரமும் கடை திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசு அனுமதித்தபோது, ஊழியருக்கு எட்டு மணி நேர வேலையும் சுழற்சி முறையில் வார விடுமுறையும் நிபந்தனையாகவே இருந்தன. முதலாளிகளின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது கடை திறந்து கோதுமை விற்கலாம் என்று துடித்த வியாபாரிகளை ஆமோஸ் தீர்க்கதரிசி எட்டாம் அதிகாரத்தில் காட்டுகிறார். அவர்களாவது முடியும்வரை பொறுத்தார்கள்.

கடையின் ஆண்டு விழா ஜெபத்துக்குச் சபைப் போதகரான ஐயர் ஒருவர் வந்து செய்தி கொடுப்பார். பெரும்பாலும் எபேசியர் ஆறாம் அதிகாரம்: வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள். ஐந்தாம் வசனத்தில் ஏறி எட்டாம் வசனத்தில் இறங்கிவிடுவார். எஜமான்களைப் பார்த்துப் பயமுறுத்துவதை விடச் சொல்லும் ஒன்பதாம் வசனம் அதற்கு அடுத்த வரிதான். அதை வாசித்த ஐயரை நான் அங்கே கண்டதில்லை. அண்ணாச்சி முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அவரை நான் மாய்மாலக்காரர் என்று நினைக்கவில்லை; கொடுத்ததெல்லாம் மனதாரக் கொடுத்ததுதான். கொடுக்க வேண்டியதையும் கொடுக்க விரும்பியதையும் ஒரே பேரேட்டில் எழுதி, ஒன்றைக் கொண்டு மற்றதைக் கழித்துவிட்டார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

வேதாகமம் இந்த இரண்டையும் கலப்பதில்லை. “உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்கிறது யாக்கோபு 5:4. முதலில் கத்துவது பிடிக்கப்பட்ட கூலி. அறுத்தவர்களின் கூக்குரல் அதற்குப் பின்னால் வருகிறது. அண்ணாச்சியின் அலமாரியில் நின்ற முதல் மாதச் சம்பளங்களைத்தான் அந்த வசனம் எனக்கு நினைவூட்டும். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தவன் சகேயு. லூக்கா சுவிசேஷத்தில் வருகிறவன், வரி வசூலித்துப் பணக்காரன் ஆனவன். “என் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்” என்கிறான். ஏழைக்குக் கொடுப்பது ஒரு பத்தி, பறிகொடுத்தவனுக்குத் திருப்புவது வேறு பத்தி. பாதிச் சொத்தைத் தானம் செய்துவிட்டதால் பழைய பாக்கி தீர்ந்தது என்று அவன் எழுதவில்லை. எங்கள் கடைப் பேரேட்டில் முதல் பத்தி நிரம்பி வழிந்தது. இரண்டாம் பத்திக்குக் கோடுகூடப் போடவில்லை.

‘சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தார்கள்’ என்பது எல்லாக் கடையிலும் கேட்கும் பதில். 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: வேறு வழியில்லாமல் ஒருவன் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டால், அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளானவனே. நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபைக்காரன், போப்பின் மடல் எனக்குக் கட்டளை அல்ல. ஆனாலும் சான்றிதழை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சம்மதம் பேசுவது பொருந்தாது என்று புரிய ஆத்துமக் கண் எதுவும் தேவையில்லை.

அண்ணாச்சி கடைகளைவிட மால்களில் இருக்கும் பெரிய நிறுவனக் கடைகள் மேல் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வதுண்டு. சம்பளம் தேதி தவறுவதில்லை, சான்றிதழை வாங்கி வைப்பதில்லை. உண்மைதான். ஆனால் அங்கே பலர் ஆள் அனுப்பும் ஏஜென்சியின் ஊழியர்கள். நிறுவனத்தின் பட்டியலில் பெயரே கிடையாது. மாத இலக்கு மேலிருந்து வருகிறது, கேள்வி கேட்டால் ஏஜென்சியைக் கை காட்டுகிறார்கள், ஏஜென்சி ஒப்பந்தத்தைக் காட்டுகிறது. அண்ணாச்சியிடமாவது ஒருவரின் தாய் செத்தால் போய் அழலாம். வண்டிச் செலவுக்குக் கொடுப்பார். அதையும் பிறகு முன்பணம் என்று எழுதச் சொல்வார், அது வேறு விஷயம்.

வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு சபைக் கமிட்டியில் என்னையும் சேர்த்தார்கள். கோபுரத் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு அண்ணாச்சியிடம் போவது என்று பேச்சு வந்தது. நம் சபைப் பிள்ளைகளின் வைப்புத் தொகைகளையும் சான்றிதழ்களையும் திருப்பிக் கொடுக்கும்படி முதலில் எழுதிக் கேட்போம், நன்கொடையை அதற்குப் பிறகு கேட்போம் என்று ஒரு தீர்மானம் கொடுத்தேன். செயலாளர் நல்ல மனிதர். “அண்ணே, அவர் மனம் நொந்தால் கோபுரம் நின்றுவிடும்” என்றார். “நின்றால் நிற்கட்டும்” என்றேன். வழிமொழிய ஆள் இல்லாமல் தீர்மானம் விழுந்தது. அடுத்த கூட்டத்துக்கும் அதையே எழுதி வைத்திருக்கிறேன். கமிட்டியில் நான்கு பேரின் மகள்கள் சென்னையில் ஜவுளிக்கடைகளில் நிற்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் அவர்களில் இருவரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.