ஏற்காட்டுக் கிணற்றில் காற்று வாங்கும் மோட்டார்: மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 4

நாகலூர்ப் பக்கம் உள்ள எங்கள் காப்பி நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒன்றாய் இணைந்தது), எடுத்த கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரை விட்டுவிடுகிறது. முதலில் குழாய் நிறைந்து வருகிறது. பிறகு நுரையும் தண்ணீருமாகத் துப்புகிறது. கடைசியில் வெறுமனே சுற்றுகிறது. ஏர் வாங்குகிறது என்று சொன்னதுமே அக்கம்பக்கத்தார் அனைவரும் ஃபுட் வால்வை, அதாவது கிணற்றுக்குள் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வை, மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் ஃபுட் வால்வு கெட்டிருந்தால், இரவு நிறுத்திய மோட்டார் காலையில் தண்ணீர் எடுக்காது. ஒவ்வொரு நாளும் குடம் குடமாக ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும். எங்கள் மோட்டார் சுவிட்சைப் போட்டதும் எடுக்கிறது. பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் டெலிவரி குழாயின் வால்வை அடைத்துவிட்டு, பம்பின் மேலே உள்ள பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் வாய் நிறைய நின்றது. கால் மணி நேரம் கழித்தும் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. ஆகவே ஃபுட் வால்வின் மேல் பழி போட இடமில்லை.

மார்ச் 5

மெக்கானிக் அண்ணன் சேலத்திலிருந்து வந்தார். மோட்டார் ஓடும்போது, கிணற்றிலிருந்து பம்புக்கு வரும் சக்ஷன் பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருப்பதால், அதில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஓடும் மோட்டாரில் ஈரத்தைத் தேடுவது வீண். மோட்டாரை நிறுத்தி, டெலிவரி பைப்பில் நிற்கும் தண்ணீரின் பாரம் சக்ஷன் வரை இறங்கும்படி விட்டால், அதே ஓட்டை சொட்டத் தொடங்கும். எங்கள் இணைப்புகள் எல்லாமே காய்ந்திருந்தன. பிறகு மோட்டாரை ஓடவிட்டு, அதன் விசிறிக் காற்று படாதபடி ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, அண்ணன் ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வோர் இணைப்பருகிலும் பிடித்தார். எல்போவிடமும் ஃபிளாஞ்சிடமும் புகை நேராகவே எழுந்தது. சுழலும் ஷாஃப்ட் பம்புக்குள் நுழையும் இடத்தைக் கயிறு சுற்றி அடைத்திருக்கும் கிளாண்டுக்கு அருகில் வந்ததும் அது வளைந்து ஷாஃப்டை ஒட்டி உள்ளே நுழைந்தது.

ஓடும் மோட்டாரின் கிளாண்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். அந்தச் சொட்டுதான் கயிற்றைக் குளிர வைக்கிறது, காற்றையும் மறிக்கிறது. தண்ணீர் வீணாகிறதென்று யாரோ நட்டை முழுவதும் முறுக்கிவிட்டதால், கயிறு கருகிக் கட்டையாகிப் போயிருந்தது.

மார்ச் 7

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கிராஃபைட் கயிற்றை, வெட்டுவாய்கள் ஒன்றன்மேல் ஒன்று அமையாதபடி மாற்றி மாற்றி வைத்து அடைத்தோம். இப்போது கிளாண்டு முறையாகச் சொட்டுகிறது. மோட்டார் முன்பைவிட நீண்ட நேரம் ஓடுகிறது. ஆனால் கிணற்று மட்டம் சற்று இறங்கியதும் மறுபடியும் துப்புகிறது.

மார்ச் 9

இன்றுதான் விஷயம் பிடிபட்டது. தண்ணீர் குறையும் நேரத்தில் பம்பின் வயிற்றுக்குள் சரளைக்கல் உருள்வதைப் போன்ற சத்தம் கேட்டது. டெலிவரி வால்வைப் பாதி அடைத்ததும் சத்தம் அடங்கி, தண்ணீர் குறைவாகவேனும் தொடர்ந்து வந்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து பம்பின் மையம் வரை அளந்தால் 20 அடி இருந்தது.

“கீழ ஓமலூர்ல இதே மோட்டாரு 21 அடியில அருமையா எடுத்துச்சே, தம்பி” என்றார் அண்ணன். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. அது உள்ளே வெற்றிடத்தை உண்டாக்க, வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். ஓமலூர் இருக்கும் சேலத்துச் சமவெளியில் அது ஏறக்குறைய 10 மீட்டராகும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால் 8.6 மீட்டர்தான். மலை ஏறியதிலேயே நாலரை அடி போய்விட்டது.

இதை முதன்முதலில் மலையேறி அளந்து காட்டியவர் ஃப்ளோரின் பெரியே. தம் மனைவியின் தம்பியான ப்ளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டதன்பேரில், 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் பியூய் த தோம் மலைக்குப் பாதரசக் குழாயைக் கொண்டுபோய், உச்சியில் பாதரசம் தாழ்ந்து நிற்பதைக் கண்டார். அந்த மலையின் உயரம் 1,465 மீட்டர்; கிட்டத்தட்ட ஏற்காட்டின் உயரம்தான்.

8.6 மீட்டரில் பம்பு தனக்கென்று இரண்டு, மூன்று மீட்டரை எடுத்துக்கொள்கிறது. குழாயின் உராய்வும் நீராவி அழுத்தமும் இன்னும் ஒரு மீட்டரைத் தின்கின்றன. மிச்சம் ஐந்து மீட்டர் சொச்சம், அதாவது 17 அடி அளவில்தான் நிற்கும். அதற்கு மேல் போனால், ஓட்டையே இல்லாத குழாயிலும் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து வருகிறது. தண்ணீரே ஆவிக்குமிழிகளாகி, பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரில் மோதி உடைந்து அதை அரிக்கிறது. வெளியிலிருந்து நுழையும் காற்றும் தண்ணீரிலேயே பிறக்கும் காற்றும் பார்வைக்கு ஒரே நுரைதான். ஆனால் முன்னதற்குக் கயிறும் வாஷரும் போதும். பின்னதற்குப் பம்பையே இறக்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் மலைக் கிணறுகளில் ஃபுட் வால்வுக்குச் செலவழிக்கும் பணத்தை எண்ணினால் எனக்கு உண்மையாகவே மனம் பொறுக்கவில்லை.

மார்ச் 12

கிணற்றின் உட்புறப் பாறைத் திட்டில் மேடை கட்டி, மோட்டாரை ஆறடி இறக்கினோம். சக்ஷன் பைப் பம்பை நோக்கி ஏறுமுகமாகவே இருக்கும்படி மட்டம் பார்த்துப் பொருத்தினோம். நடுவில் ஒரு திமில் இருந்தாலும் காற்று அங்கே தங்கிவிடும். ஃபுட் வால்வு தண்ணீருக்குள் இரண்டடிக்குக் குறையாமல் மூழ்கியிருக்கிறது. மேலே நின்றால் சுழி விழுந்து, அதன் வழியே காற்றைக் குடிக்கும்.

மார்ச் 14

வால்வை முழுவதும் திறந்து ஓடவிட்டோம். சரளைச் சத்தம் இல்லை. ஆனால் நாற்றங்காலுக்குப் போகும் குழாய் ஒரு மேட்டைக் கடந்து இறங்குவதால், அந்த மேட்டில் தங்கிய காற்று தண்ணீரைப் பாதியாக மறித்தது. அங்கே காற்றை வெளியேற்றும் ஓர் ஏர் வால்வு பொருத்தியதும் கடைசித் தெளிப்பான் வரை தண்ணீர் ஒரே சீராகப் போகிறது. மழை தொடங்கிக் கிணறு ஊறும் முன் மோட்டாரை மேலே ஏற்றியாக வேண்டும் என்பதால், இரண்டு பக்கமும் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய யூனியன் இணைப்பு வைத்து, கப்பி மாட்ட ஓர் இரும்பு உத்தரமும் போட்டாயிற்று.