ஒரு டாலர் குறியும் மூன்று இரவுகளும்

‘லாகின் ஃபெயில்டு.’ மூன்று இரவுகளாக டெர்மினலின் அடிவரியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். டெர்மினலிலேயே மின்னஞ்சல் படிக்க உதவும் ‘மட்’ (mutt) செயலியை நிறுவியது, அதன் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில் ஐமேப் (கடிதங்களைப் பெறும் சர்வர்) முகவரியையும் 993 போர்ட்டையும் எழுதியது எல்லாம் பத்து நிமிட வேலை. அதற்கப்புறம் ஓர் அடிகூட நகரவில்லை.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால் வழக்கமான கடவுச்சொல் மட்டில் செல்லாது, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும் என்பது தெரியும். எடுத்தேன். 16 எழுத்து, நடுவே சில குறிகள். நகலெடுத்து ஒட்டினேன். லாகின் ஃபெயில்டு. இன்னொன்று உருவாக்கினேன். அதுவும் அதே. போதாக்குறைக்கு, சில முறை தவறினால் என் மின்னஞ்சல் சேவை கணக்கைச் சிறிது நேரம் பூட்டிவிடுகிறது. ஒரு வரியை மாற்றிப் பார்க்கக் காத்திருக்க வேண்டும். திறந்ததும் இன்னொரு முறை தோற்க வேண்டும். எது பிழையான கடவுச்சொல்லால் வந்த மறுப்பு, எது பூட்டால் வந்த மறுப்பு என்றே பிரித்தறிய முடியவில்லை.

அந்தச் சேவையின் உதவி மையத்துக்கு எழுதினேன். கேட்டது ஒரே கேள்வி: ‘உங்கள் பதிவேட்டில் என் லாகின் எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டதாக இருக்கிறது?’ இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நான் பயன்படுத்தும் செயலிக்கு ஆதரவு இல்லையாம், பிரௌசரில் திறந்து பார்க்கச் சொன்னார்கள். பிரௌசரில் திறக்கிறது என்பதை என் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். அதைப் படித்ததற்கான அடையாளமே இல்லை. இன்னும் அந்த எரிச்சல் தீரவில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று மட்டை ‘-d 2’ சேர்த்து ஓட்டினேன். இப்படி ஓட்டினால் நடப்பதையெல்லாம் ஹோம் அடைவில் ஒரு பிழைப்பதிவுக் கோப்பில் எழுதி வைக்கும். கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும் என்பதால் சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணில் படாது. அதில் இணைப்பு கிடைத்திருக்கிறது, சான்றிதழ் சரியாக இருக்கிறது, பயனர் பெயர் போயிருக்கிறது, அப்புறம்தான் சர்வர் ‘நோ’ சொல்லியிருக்கிறது. ஆக நெட்வொர்க் இல்லை, போர்ட் இல்லை. மிச்சம் கடவுச்சொல் மட்டும்தான். ஆனால் பதிவில் கடவுச்சொல்லை மட் மறைத்துவிடும், நியாயமாகவே.

மட்ஆர்சியில் கடவுச்சொல் வரியின் முன்னால் ‘#’ போட்டு அதை முடக்கினேன். அந்த வரி இல்லாவிட்டால் மட் நம்மிடமே கேட்கும். கேட்டது. அதே 16 எழுத்தை ஒட்டி என்டர் தட்டினேன். இன்பாக்ஸ் திறந்துவிட்டது! நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

கடவுச்சொல் சரி, கோப்பில் எழுதினால் மட்டும் தப்பு. ‘#’ஐ எடுத்துவிட்டு, ‘-Q’ போட்டு, கடவுச்சொல்லை வைத்திருக்கும் மாறியின் (பெயரிட்ட அமைப்பின்) மதிப்பை மட்டிடமே கேட்டேன். வந்ததை விரல் வைத்து எண்ணினேன். 16 இருக்க வேண்டிய இடத்தில் 11. ஏழாவது இடத்தில் ஒரு டாலர் குறி, அதையடுத்து நான்கு எழுத்து, பிறகு ஒரு கழித்தல் குறி. அந்த டாலரும் நான்கு எழுத்தும் காணாமல் போயிருந்தன. மட்ஆர்சியில் இரட்டை மேற்கோளுக்குள் ‘$’ வந்தால், அதைத் தொடரும் எழுத்துகளை ஒரு மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு மட் அதன் மதிப்பைத் தேடும். அப்படி ஒரு மாறி இல்லையென்றால் சத்தமில்லாமல் வெற்றிடத்தை வைத்துவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் இந்த வேலை நடக்காது. இரண்டு மேற்கோளை மாற்றினேன், முடிந்தது. இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்வுக்கோடும் பின்மேற்கோளும்கூட இதேபோல் வேறு அர்த்தம் பெறும். உங்கள் கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும் தவிர வேறு ஏதாவது இருந்தால் முதலில் ‘-Q’ போட்டு எண்ணிப் பாருங்கள். நான் அனுபவித்த மூன்று இரவு உங்களுக்கு வேண்டாம்.

அனுப்புவதில் இன்னொரு சிக்கல். ‘இணைக்கிறது’ என்று காட்டிவிட்டு அப்படியே உறைந்து நின்றது. போர்ட் 465 போட்டிருந்தேன், ஆனால் கடிதம் அனுப்பும் சர்வரின் முகவரியை ‘எஸ்எம்டிபிஎஸ்’ (smtps) என்று தொடங்காமல் ‘எஸ்எம்டிபி’ (smtp) என்று தொடங்கியிருந்தேன். 465இல் சர்வர், முதலில் நாம் டிஎல்எஸ் கைகுலுக்கலை (இணைப்பைக் குறியாக்கம் செய்வதற்கான தொடக்கப் பேச்சை) தொடங்குவோம் என்று காத்திருக்கும். மட்டோ சர்வர் வெறும் எழுத்தில் வணக்கம் சொல்லட்டும் என்று காத்திருந்தது. இருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்த ஓர் எழுத்தைச் சேர்த்ததும் கடிதம் போய்விட்டது. 587 என்றால் நேர்மாறு: அங்கே ‘எஸ்’ இல்லாத முகவரி, இணைந்த பிறகு ஸ்டார்ட்டிஎல்எஸ், அதாவது அப்போதுதான் குறியாக்கத்துக்கு மாறும்.

தமிழ்க் கடிதங்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் மட்டைத் திட்டாதீர்கள். டெர்மினலின் மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பைக் காட்டும் ‘லோகேல்’ கட்டளையைத் தட்டிப் பாருங்கள். எனக்கு, தமிழ் எழுத்துகளை அறியாத ‘போசிக்ஸ்’ என்று வந்தது. யூடிஎஃப்-8 லோகேலுக்கு மாற்றி டெர்மினலை மூடித் திறந்தேன், அக்கா எழுதிய கடிதம் அழகாக வந்தது. மட்ஆர்சியில் கேரக்டர் செட்டை (எழுத்துக் குறியீட்டு முறையை) நாமே எழுதிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்ய வேண்டாம். டெர்மினல் ஒன்று நினைக்க, மட் வேறொன்று நினைக்கும். இதற்குப் பிறகும் தலைப்புப் பட்டியலில் கொம்பும் காலும் சில நேரம் தள்ளி நிற்கின்றன, அது டெர்மினலின் குறை. கன்ட்ரோல்-எல் அழுத்தினால் திரை புதிதாக வரையப்படும்.

ஹெச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவக்) கடிதங்களுக்கு, எதை எந்த நிரலால் திறப்பது என்று சொல்லும் மெயில்கேப் கோப்பில் டபிள்யூ3எம் (டெர்மினல் பிரௌசர்) போட்டுக்கொண்டேன். அந்த வரியில் ‘-I’ கொடுத்துக் கடிதத்தின் கேரக்டர் செட்டையும் சேர்த்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் தமிழ் மறுபடி சிதையலாம்.

இனி, எனக்கு உண்மையிலேயே வலித்த ஒன்று. மட்டில் ‘d’ அழுத்தினால் கடிதம் அழிவதில்லை, அழிப்பதற்கான அடையாளம் மட்டும்தான் விழும். வெளியேறும்போதோ ‘$’ அழுத்தும்போதோதான் அழியும். ஆனால் குப்பைத்தொட்டி எது என்று ‘ட்ராஷ்’ அமைப்பில் சொல்லாமல் விட்டால் அழிந்தது அழிந்ததுதான். என் சர்வரில் அப்படித்தான் ஆயிற்று. பழைய விளம்பரங்களைக் கூட்டித் தள்ளும்போது நடுவே ஒரு ரசீதும் போய்விட்டது. அதை மறுபடி கேட்டு வாங்க ஒரு வாரம் ஆயிற்று. முதல் கடிதத்தைத் தொடும் முன்பே ‘ட்ராஷ்’ வரியை எழுதிவிடுங்கள். தவறி அடையாளமிட்டுவிட்டால் ‘u’ அழுத்தி நீக்கலாம். பதற்றமாக இருந்தால் ‘x’ அழுத்தி வெளியே வாருங்கள், மாற்றம் எதுவும் சேமிக்கப்படாது.

கடைசியாக, கடவுச்சொல்லை மட்ஆர்சியில் வெறுமனே விட மனம் வரவில்லை. ஜிபிஜி என்ற குறியாக்க நிரலால் பூட்டிய தனிக் கோப்பில் வைத்து, மட் தொடங்கும்போது திறந்து படிக்கும்படி செய்திருக்கிறேன். அந்தக் கோப்புக்குள்ளும் ஒற்றை மேற்கோள்தான்.