அரைப் பங்கில் ஒரு கால்பந்து கிளப்

அயர்லாந்தின் சொந்தக் கால்பந்தான கேலிக் கால்பந்து பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் கடைசியில் முல்லினலாக்டாவில்தான் வந்து நிற்பேன். அயர்லாந்தில் லாங்ஃபோர்ட் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) வடக்கு ஓரத்தில், கவுனா ஏரிப் பக்கம் இருக்கிற கிராமப்புறம். மொத்தமே நானூறு சொச்சம் பேர். செயின்ட் கொலம்பாஸ் என்பது அவர்களுடைய கிளப்பின் பெயர்.

அங்கே கிளப் என்றால் பெரும்பாலும் ஒரு தேவாலயப் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி. 1884 நவம்பர் 1 அன்று தர்ல்ஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் மைக்கேல் குசாக்கும் மாரிஸ் டேவினும் இன்னும் சிலரும் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அது வேர்பிடித்து வளர்ந்தது பங்குகளின் மேல்தான். எந்தப் பங்கில் வளர்ந்தாயோ அந்த அணிக்கு ஆடு, அவ்வளவுதான் விஷயம். யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆளை விலைக்கு வாங்குவதும் கிடையாது. முல்லினலாக்டாவுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். அவர்களுடைய பங்கின் நடுவே கவுண்டி எல்லை ஓடுகிறது. கவுனா பக்கத்துப் பாதி கேவன் கவுண்டியில் தனி கிளப்பாக ஆடுகிறது, இவர்களுக்கு மிஞ்சியது மீதிப் பாதிதான். அதனால் இவர்களை எல்லோரும் "அரைப் பங்கு" என்றே சொல்கிறார்கள்.

அந்த அரைப் பங்கிலிருந்து 15 பேரைத் திரட்டுவதே பெரிய பாடு. 1841 கணக்கெடுப்பில் லாங்ஃபோர்ட் கவுண்டியில் 1 லட்சத்து 15 ஆயிரம் பேர் இருந்தார்கள். பஞ்சமும் அதன் பின் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் போனதும் சேர்ந்து, 1971-ல் 28 ஆயிரமாக ஆக்கிவிட்டன. பெரிய ஊர் அணிக்கு நாலு பேர் போனால் வேறு நாலு பேர் வருவார்கள், இங்கே ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வெளியூர் கிளம்பிவிட்டால் அந்த வருடத்து அணியே ஆட்டம் கண்டுவிடும். 1950-ல் கவுண்டி சாம்பியன் ஆன கிளப், அடுத்த முறை ஆனது 2016-ல். நடுவில் 66 வருடம்! கோப்பை எதுவும் இல்லாத அந்த 66 வருடமும் யாரோ புல் வெட்டி, கோடு போட்டு, பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பழக்கியிருக்கிறார்கள். கிளப்பின் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிவது இந்தப் பகுதிதான்.

2016-க்குப் பிறகு 2017, 2018 என்று மூன்று வருடம் தொடர்ந்து கவுண்டிக் கோப்பை. அப்புறம்தான் அந்த நாள், 2018 டிசம்பர் 9, துல்லமோரில், கவுண்டி சாம்பியன்கள் மோதும் லென்ஸ்டர் மாகாணப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே டப்ளினின் கில்மாக்குட் குரோக்ஸ், ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள் உள்ள நகரத்து கிளப், டப்ளின் அணியின் நட்சத்திரம் பால் மேனியன் ஆடுகிற அணி. அதுவரை லாங்ஃபோர்டிலிருந்து எந்த கிளப்பும் லென்ஸ்டரை வென்றதே இல்லை.

கேலிக் கால்பந்தில் அப்போது குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அது 3 புள்ளிக்குச் சமம். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் முல்லினலாக்டாவுக்கு ஒரு பெனால்டி. கோலுக்கு 11 மீட்டர் முன்னால் பந்தை வைத்துவிட்டு கேரி ராஜர்ஸ் நிற்கிறார், எதிரே கோல்கீப்பர் மட்டும். அவரோடு சேர்ந்து அந்த நானூறு பேரும் நிற்கிற மாதிரி எனக்கு இருக்கும், எத்தனை முறை பார்த்தாலும். பந்து வலைக்குள் போய்விட்டது. கடைசியில் 1-8, 1-7 என்று ஆட்டம் முடிந்தது (முதலில் வருவது கோல், அடுத்தது புள்ளி), அதாவது 11-க்கு 10. ஒரே ஒரு புள்ளி!

பயிற்சியாளர் மிக்கி கிரஹாம் எல்லைக்கு அந்தப் பக்கம், கேவன்காரர். 2020-ல் சொந்தக் கவுண்டியின் அணியை அல்ஸ்டர் மாகாண சாம்பியனாக்கியவரும் அவர்தான். 1997-க்குப் பிறகு கேவனுக்குக் கிடைத்த முதல் அல்ஸ்டர் பட்டம் அது.

2019 பிப்ரவரியில் அகில அயர்லாந்து அரையிறுதியில் கில்லார்னியின் டாக்டர் குரோக்ஸ் கிளப்பிடம் முல்லினலாக்டா தோற்றது. சரி, தோற்றார்கள். ஆனால் லென்ஸ்டர் சாம்பியன்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கில்மாக்குட் குரோக்ஸ் 2005, 2008, 2010 என்று வரும், 2021-லிருந்து தொடர்ந்து மூன்று முறை மறுபடியும் வரும். இடையில் 2018-க்கு நேரே இருப்பது முல்லினலாக்டா.