சைக்காலஜி படிச்சவங்களுக்கு மெஷின் பக்கமும் வேலை இருக்கு

சித்தி பொண்ணு பி.எஸ்சி சைக்காலஜி கடைசி வருஷம் படிக்கிறா. "அக்கா, கவுன்சிலிங், எச்.ஆர் ரெண்டையும் விட்டா எங்களுக்கு வேற வழியே இல்லையா?"ன்னு வாட்ஸப்ல கேட்டிருந்தா. வாய்ஸ் நோட்ல சொல்லி முடியற விஷயம் இல்ல இது, அதனால இங்கயே எழுதிடறேன், மெக்கானிக்கல், ஈ.சி.ஈ படிக்கிற பசங்களும் படிங்க, உங்களுக்கும் சேத்துத்தான்.

நான் பாக்குற வேலைக்குப் பேரு ஹ்யூமன் ஃபேக்டர்ஸ் இன்ஜினியரிங். சைக்காலஜி பக்கத்துல இருந்து வர்றவங்க இதையே இன்ஜினியரிங் சைக்காலஜின்னு சொல்வாங்க. ஒரு மெஷின மனுஷன் கையில குடுத்தா அவன் எங்க தடுமாறுவான், ஏன் தடுமாறுவான்னு முன்கூட்டியே கண்டுபுடிச்சு மெஷின மாத்தணும், அவ்ளோதான்.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு நம்மூர்ல சொல்வோம் இல்ல, எங்க வேலையே அந்தக் கூடத்த டேப் வச்சு அளந்து பாக்குறதுதான். நெறைய தடவ கூடம் நெஜமாவே கோணலாத்தான் இருக்கும்.

இந்தத் துறை வளந்த கதைய எடுத்துக்கோங்க. இரண்டாம் உலகப்போர் சமயம், அமெரிக்காவோட பி-17 குண்டுவீச்சு விமானம் பத்திரமா ரன்வேல இறங்கிடும், இறங்கினப்புறம் பைலட்டே சக்கரத்த உள்ள இழுத்துடுவாரு, விமானம் வயித்தத் தரையில தேச்சுக்கிட்டுப் போய் நிக்கும். பைலட் தப்புன்னு எழுதி ஃபைல மூடிட்டு இருந்தாங்க. ஒஹையோல ரைட் ஃபீல்டுல வேலை பாத்த அல்ஃபோன்ஸ் சப்பானிஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட்தான் நேரா காக்பிட்டப் போய்ப் பாத்தாரு. சக்கரத்துக்கான ஸ்விட்சும் இறக்கை ஓரத்துல மடங்குற தகடான ஃபிளாப்புக்கான ஸ்விட்சும் பக்கத்துப் பக்கத்துல, தொட்டா வித்தியாசமே தெரியாது. சி-47ங்கற சரக்கு விமானத்த ஓட்டுறவங்களுக்கு இந்தப் பிரச்சனை இல்ல, ஏன்னா அதுல ரெண்டும் வேற வேற மாதிரி வச்சிருந்தாங்க. பைலட்டுங்க அசடு இல்லைன்னு சொல்ல அது ஒண்ணே போதும். அவரு சக்கரக் கன்ட்ரோல் முனையில ஒரு குட்டி ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப் முனையில ஒரு ஆப்பு மாதிரி துண்டையும் ஒட்டச் சொன்னாரு. இருட்டுல கூட கை தானா கண்டுபுடிச்சிடும். இன்னிக்கும் பயணிகள் விமானத்துல லேண்டிங் கியர் லீவர் முனை சக்கர வடிவத்துலதான் இருக்கணும்னு விதியே இருக்கு.

அப்புறம் 1947ல பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பைலட் தப்புன்னு சொல்லப்பட்ட 460 சம்பவத்த எடுத்து அலசினாங்க. ஒரு கன்ட்ரோலுக்குப் பதிலா இன்னொண்ண புடிச்சதுதான் அதுல ஒரு பெரிய பங்கு.

அதெல்லாம் பழைய காலம்னு நெனைக்காதீங்க. 1992 ஜனவரி 20, பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்துல ஏர்பஸ் ஏ320 ஒண்ணு மலையில மோதி 87 பேரு செத்துப்போனாங்க. இறங்குற கோணம் 3.3 டிகிரின்னு பைலட்டுங்க செட் பண்ண நெனச்சிருக்காங்க, ஆனா பேனல் இறங்குற வேகத்த செட் பண்ற மோடுல இருந்ததால அது நிமிஷத்துக்கு 3300 அடி வேகம்னு ஆகியிருக்கலாம்னுதான் விசாரணையில முக்கியமா சந்தேகப்பட்டாங்க. அந்தப் பேனல்ல 3300ங்கறது வெறும் 33ன்னுதான் காட்டும். ஒரு புள்ளிதான் வித்தியாசம். அப்புறமா அந்த டிஸ்ப்ளேய மாத்தி நாலு இலக்கமும் தெரியற மாதிரி பண்ணாங்க.

இந்தப் புள்ளிதான் என் வேலையிலயும் தினமும் வருது. நான் இருக்குறது மருத்துவக் கருவிங்க பக்கம், மருந்த சொட்டுச் சொட்டா ஏத்துற இன்ஃபியூஷன் பம்ப்பு. அத டெஸ்ட் பண்ண ஒரு பொய் வார்டு செட் பண்ணுவோம், கட்டில்ல பொம்மை, பின்னாடி மானிட்டர் சத்தம், நடுவுல போன் அடிக்கும். நெஜ நர்ஸ வரவச்சு மருந்துச் சீட்டக் குடுத்துட்டு நாங்க கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்துடுவோம். ஒரு டெஸ்ட்ல சீட்டுல மணிக்கு 7.5 மில்லின்னு இருந்துச்சு, அந்தம்மா 75ன்னு போட்டு ஸ்டார்ட் அமுக்கிட்டாங்க. எதுவும் சொல்லக்கூடாது, முகத்துல கூட காட்டக்கூடாது, இந்த வேலையில ரொம்பக் கஷ்டம் அதான். முடிஞ்சப்புறம் விஷயம் தெரிஞ்சதும் கண் கலங்கிட்டாங்க, "நான்தாங்க கவனிக்கல, மன்னிச்சிடுங்க"ன்னு திரும்பத் திரும்ப சொல்றாங்க, இருபது வருஷம் ஐ.சி.யூல வேலை பாத்தவங்க.

வீடியோவ மெதுவா ஓட்டிப் பாத்தோம். புள்ளி பட்டன அமுக்கியிருக்காங்க! பட்டன் ஓரத்துல சின்னதா இருக்கு, கையில கிளவுஸ், அது பதிவாகல. கண்ணு சீட்டு மேல இருக்கு, பீப் சத்தத்த நம்பித்தான் அமுக்குறாங்க, பீப் வரலைங்கறது மானிட்டர் சத்தத்துல தெரியவே இல்ல. இதுல அவங்க தப்பு எங்க இருக்கு சொல்லுங்க?

மீட்டிங்ல ஒருத்தர் சுலபமா சொன்னாரு, ட்ரெயினிங் குடுத்தா சரியாயிடும்னு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. ராத்திரி மூணு மணிக்கு பேஷண்ட்டுக்கு மூச்சுத் திணறும்போது ட்ரெயினிங்கா ஞாபகம் வரும்? கடைசியில பட்டன பெருசாக்கினோம், புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ணோட சைஸ வேற மாதிரி பண்ணோம், ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இந்த பை எப்ப தீரும்னு பெரிய எழுத்துல காட்டினோம். 100 மில்லி பை 7.5ல போனா 13 மணி 20 நிமிஷம், 75ல போனா 1 மணி 20 நிமிஷம். நர்ஸுங்க நேரத்த வச்சுத்தான் யோசிப்பாங்க, அடுத்த டெஸ்ட்ல வேணும்னே தப்பு எண்ண செட் பண்ணி வச்சுப் பாத்தோம், நேரத்தப் பாத்ததும் நிறுத்திட்டாங்க.

சரி, உள்ள எப்படி வர்றது? சைக்காலஜி டிகிரியோடயும் வரலாம், இன்ஜினியரிங் டிகிரியோடயும் வரலாம், ஆனா பெரும்பாலும் மாஸ்டர்ஸ் கேப்பாங்க. இந்தியாவுல ஐ.ஐ.டி பாம்பேயோட டிசைன் பள்ளியான ஐ.டி.சி, ஐ.ஐ.டி குவாஹாத்தி டிசைன் துறையில எர்கனாமிக்ஸ், அதாவது மனுஷனுக்குத் தோதா பொருள வடிவமைக்கிற படிப்பு பக்கம் படிக்கலாம். வேலை தேடும்போது ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்னு மட்டும் தேடாதீங்க, யூசபிலிட்டி இன்ஜினியர், யூ.எக்ஸ் ரிசர்ச்சர்னும் தேடுங்க. மருத்துவக் கருவிக்கு அமெரிக்காவுல அனுமதி குடுக்குற எஃப்.டி.ஏ 2016ல குடுத்த வழிகாட்டியில, கடைசி கட்ட டெஸ்ட்ல ஒவ்வொரு வகை யூசர்லயும் கொறஞ்சது 15 பேரு வேணும்னு இருக்கு, அதனால டெஸ்ட் நடத்தத் தெரிஞ்ச ஆளுக்குத் தேவை இருந்துக்கிட்டேதான் இருக்கும். முக்கால்வாசி நேரம் ரிப்போர்ட் எழுதறதுலதான் போகும், அதையும் இப்பவே சொல்லிடறேன்.

சித்தி பொண்ணுக்கு ஒண்ணு மட்டும்: எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜியையும் ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் பாஸானா போதும்னு படிக்காதம்மா, எனக்கு இன்டர்வியூல கேட்ட கேள்வியெல்லாம் அதுல இருந்துதான். லீவுல விமான விபத்து விசாரணை அறிக்கை ரெண்டு மூணு டவுன்லோடு பண்ணிப் படி, எல்லாம் இலவசமாவே கெடைக்கும், ஸ்ட்ராஸ்பூர்க்ல இருந்து ஆரம்பி.