இதயப் பரிசோதனை வேண்டுமா என்று நான் முடிவெடுத்த விதம்

என் அப்பா 49 வயதில் மாரடைப்பில் இறந்தார். சித்தப்பாவுக்கு 52 வயதில் பைபாஸ். தாத்தா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார் என்பார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும், "ஒரு ஹார்ட் செக்கப் செய்துகொள்" என்று அம்மா வற்புறுத்தியது தம்பியை மட்டும்தான். நான் பெண், சர்க்கரை இல்லை, பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க மாடி ஏறி இறங்குகிறேன். எனக்கு என்ன வந்துவிடப்போகிறது என்பது வீட்டின் எண்ணம். 44 வயதில், தூக்கம் வராத இரவுகளில், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர் பரிசோதனைக்குப் போகலாமா என்பதைப் பற்றி மட்டும். நடந்தால் நெஞ்சை அடைக்கிறது, தாடைக்கும் தோளுக்கும் வலி பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் யோசனைக்கே இடமில்லை. 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தேன். இ.சி.ஜி., எக்கோ எனப்படும் இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஓடவைத்துப் பார்க்கும் டிரெட்மில் மூன்றும் சேர்ந்த சலுகைப் பேக்கேஜ் இருப்பதாகச் சொன்னார்கள். குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பணம் கட்டும் முன் எங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று போனேன். "செய்யலாமா வேண்டாமா என்பது அப்புறம். உங்கள் வீட்டில் யாருக்கு, எந்த வயதில், சரியாக என்ன ஆயிற்று? முதலில் அதை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

இதுதான் எல்லாவற்றையும் மாற்றிய கேள்வி என்று இப்போதும் நினைக்கிறேன். திடீரென்று யார் இறந்தாலும் நாம் 'ஹார்ட் அட்டாக்' என்று சொல்லிவிடுகிறோம். இதய ரத்தக் குழாயில் அடைப்பு என்பது ஒன்று. இதயத் தசை தடித்துப்போவது வேறு, துடிப்பின் தாளம் கெடுவது வேறு. பின்னவை இரண்டும் பரம்பரையாக வரும் வீடுகளில் இ.சி.ஜி.யும் எக்கோவும்தான் முதலில் தேவை. அடைப்புக் குடும்பம் என்றால் அவை இரண்டும் நன்றாக இருப்பது பெரிய ஆறுதல் இல்லை. வயதும் முக்கியம். அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55-க்கு முன், அம்மாவுக்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65-க்கு முன் வந்திருந்தால்தான் மருத்துவம் அதைக் கனமான குடும்ப வரலாறாக எடுத்துக்கொள்கிறது.

அம்மாவின் பீரோவில் அப்பாவின் ஃபைல் இருந்தது. இ.சி.ஜி. தாளில் கோடுகள் மங்கிப்போய், கட்டம் போட்ட வெறும் இளஞ்சிவப்புத் தாள்தான் மிஞ்சியிருந்தது. தட்டச்சு செய்த சுருக்கக் குறிப்பு மட்டும் பிழைத்திருந்தது. 'ஆன்டீரியர் வால் எம்.ஐ.' என்ற வரியைக் கண்டதும் போதும் என்று மூடிவிட்டேன். இதயத்தின் முன்சுவரில் வந்த மாரடைப்பு அது, சந்தேகமில்லை. "போனதை எதற்குக் கிளறுகிறாய்?" என்று அம்மா அழுதார். அந்த அழுகைக்கு முன்னால் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எளிதாக இல்லை.

தாத்தாவைப் பற்றிச் சொல்ல அத்தை ஒருவர்தான் மிச்சம். சின்னாளபட்டிக்குப் போனேன். தாத்தா இறந்தபோது 57 வயது. அதற்கு முந்தைய வாரம் முழுக்கத் தோட்டத்துக்கு நடந்து போகும்போதெல்லாம் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வாயுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். "தூக்கத்தில் போனார் என்றால் கேட்கிறவர்களுக்கும் ஆறுதல், எங்களுக்கும் ஆறுதல், தாயி. அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்" என்றார் அத்தை.

இந்தக் குறிப்புகளோடு மதுரையில் ஓர் இதய மருத்துவரைப் பார்த்தேன். தாளைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு நான் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டார்: "பிரசவத்தின்போது பி.பி. ஏறியதா?" ஏறியது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்திலிருந்து மாத்திரை சாப்பிட்டேன். பிள்ளைப்பேற்றோடு அது முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கர்ப்பகால ரத்தக் கொதிப்பும் 40 வயதுக்கு முன் மாதவிடாய் நிற்பதும் ஒரு பெண்ணின் பிற்கால இதய நோய்க்கு முன்னறிகுறிகள் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 2018-இல் வந்த அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல் இவற்றையும், குடும்ப வரலாற்றையும், தெற்காசியராகப் பிறந்திருப்பதையும் அபாயத்தைக் கூட்டும் காரணிகளாகவே எண்ணுகிறது. பெண்களே, இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

பேக்கேஜில் இருந்த டிரெட்மில் வேண்டாம் என்றார். குழாய் நன்றாகக் குறுகி, ஓடும்போது ரத்தம் போதாமல் போனால்தான் அது காட்டும். பல மாரடைப்புகள் அந்த அளவுக்கு அடைக்காத கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. அதிலும் தொந்தரவில்லாத பெண்களுக்கு இல்லாத குறையை இருப்பதாகக் காட்டி, ஆஞ்சியோகிராம் வரை இழுத்துச் செல்லும் வாய்ப்பு உண்டு.

எழுதிக் கொடுத்தது ரத்தப் பரிசோதனை. வழக்கமான கொலஸ்ட்ராலோடு லைப்போபுரோட்டீன்-ஏ என்ற, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் ஒருவகைத் துகளின் அளவும் இருந்தது. அது பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடும் அளவு. சாப்பாட்டாலும் நடையாலும் அசையாது, அதனால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பொதுவாகப் போதும். ஒரு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் அதிகம். எனக்கு 78. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 152.

அடுத்து, இதய ரத்தக் குழாய்களில் படிந்திருக்கும் சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் ஸ்கோர் ஸ்கேன் பார்க்கலாமா என்ற பேச்சு வந்தது. "முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் சொல்லப்போவது ஒன்றுதான் என்றால் எனக்கு அது எதற்கு, டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு விளக்கினார். பூஜ்யம் வந்தால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையைத் தள்ளிப்போட்டு, உணவையும் நடையையும் சரிசெய்து, சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்கலாம். ஆனால் சுண்ணாம்பு படியாத மென்மையான படிவு இந்த ஸ்கேனில் தெரியாது, ஆகவே பூஜ்யத்தை முழு விடுதலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வயதுப் பெண்களில் பெரும்பாலோருக்குப் பூஜ்யம்தான் வரும் என்பதால், அதற்கு மேல் எவ்வளவு சிறிதாக வந்தாலும் அன்றைக்கே மாத்திரை. அதைக் கேட்டபிறகே சம்மதித்தேன். முடிவைப் பொறுத்து வழி மாறுகிறது என்றால் அந்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு.

ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஊசி இல்லை, மருந்து ஏற்றவில்லை. மார்பில் இ.சி.ஜி. ஒட்டுகளை ஒட்டி, கைகளைத் தலைக்கு மேல் வைக்கச் சொன்னார்கள். "மூச்சை இழுங்கள், அப்படியே நிறுத்துங்கள்" என்று ஒலிபெருக்கியில் டெக்னீஷியனின் குரல் வந்தது. மேசை மெல்ல உள்ளே போய் வந்தது. கதிர்வீச்சு சுமார் ஒரு மில்லிசீவர்ட், இயற்கையாக ஓராண்டில் நம்மேல் படுவதைவிடக் குறைவு. கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்று மட்டும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஸ்கோர் 14. பெரிய எண் இல்லை, ஆனால் என் வயதுக்குச் சிறியதும் இல்லை. அன்று மாலை கணவரிடம் சொல்லும்போது குரல் நடுங்கிற்று. அப்பாவிடமிருந்து எனக்கு வந்ததை முதன்முதலாக ஓர் எண்ணாகப் பார்த்தேன். ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று. ஆரம்பத்தில் தொடையில் வலி இருப்பதுபோல் தோன்றியது. டாக்டரிடம் சொல்லி, தசை நொதியைப் பார்த்து, சரியாக இருந்ததால் தொடர்ந்தேன். அடுத்த பரிசோதனையில் எல்.டி.எல். 83. லைப்போபுரோட்டீன்-ஏ அப்படியேதான் இருக்கிறது. இந்த மாத்திரையால் அது குறையாது. அதனால்தான் எல்.டி.எல்.லை இவ்வளவு தூரம் இறக்க வேண்டியிருக்கிறது.

இந்த அளவு வாரிசுகளுக்குப் போகும் என்பதால் தம்பியையும் மகளையும் பார்க்கச் சொன்னார். மகளுக்கு 19. ரத்தப் பரிசோதனை மட்டும் போதும், ஸ்கேனெல்லாம் இந்த வயதில் கூடாது என்றார். செமஸ்டர் விடுமுறையில் வரும்போது எடுக்கிறோம். தம்பிக்கு லைப்போபுரோட்டீன்-ஏ 11 என்று வந்தது. ஒரே அப்பாவின் பிள்ளைகளில் ஒருவருக்கு வருவதும் மற்றவருக்கு வராததும் சாதாரணம் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு அதைப் புரியவைக்க நேரம் பிடித்தது. ஆனால் தம்பி புகைபிடிக்கிறவன், அப்பாவும் பிடித்தவர். 11 வந்த மகிழ்ச்சியில் அதை விட்டுவிட முடியாது என்று டாக்டர் அவனிடம் நேரிடையாகவே சொல்லிவிட்டார். இந்த மாதம் அவனை அழைத்துக்கொண்டு புகை நிறுத்த ஆலோசனைக்குப் போகிறேன்.