பழைய டைனமோவுக்கு 1,200 ரூபாய்

மண்டபத்தில் மீன் ஏற்றும் குட்டியானை வண்டி வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, எனக்கும் ஓட்டம் பாதிதான். அந்த நேரம் பார்த்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் படுத்துக்கொண்டது. எங்கள் பக்கம் அதற்கு டைனமோ என்றுதான் பேர். ஐஸ் தண்ணீரும் உப்புக்காற்றும் சேர்ந்தால் என்னதான் தாங்கும்? உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது.

மதுரையில் ரீகண்டிஷன் செய்தது 4,200 ரூபாய்க்குக் கிடைத்தது. அதற்கு மேல் 1,500 டெபாசிட். பழசை 30 நாளுக்குள் கொடுத்தால் திரும்பி வரும். பழைய பாடியையும் ரோட்டரையும் வைத்துத்தான் அடுத்ததைத் தயார் செய்கிறார்கள். பேரிங், கார்பன் பிரஷ், வோல்டேஜ் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் கட்-அவுட் இதெல்லாம் புதுசு. டெபாசிட்டைப் பில்லில் தனியாக எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரர் முகம் கோணினாலும் எழுதிக் கொடுத்தார்.

புதுசை மாட்டியதும் பழசைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். மூன்று வாரம் கழித்துப் போனால் அது பழைய இரும்புச் சாக்கில் கிடக்கிறது. கட்-அவுட் வேறொரு வண்டிக்குப் போய்விட்டது.

"நீங்க வரலைன்னதும் காயிலை உருவிச் செம்பு விலைக்குப் போடலாம்னு இருந்தேண்ணே" என்றான் பட்டறைத் தம்பி.

உருவியிருந்தால் கதை முடிந்திருக்கும். பிரித்ததை எந்தக் கடையிலும் எடுக்க மாட்டார்கள். அப்படியே சாக்கோடு தூக்கிக்கொண்டு மறுநாள் மதுரை பாசஞ்சரில் ஏறினேன்.

கடையில் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். போல்ட் மாட்டும் காது உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். வெள்ளையாகப் பூத்திருந்த அலுமினியத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார்கள். எல்லாம் சரி, கட்-அவுட் இல்லாததற்கு 300 பிடித்தம். எப்படியும் புதுசுதானே போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

அப்புறம் புதுக் கதை. காசாகத் தர மாட்டார்களாம், அடுத்த சாமானில் கழித்துக்கொள்ள வேண்டுமாம். பில்லை எடுத்து மேசையில் வைத்தேன். 'பழையது வந்ததும் 1,500 திருப்பித் தரப்படும்' என்று அவர் கையாலேயே எழுதியது. கொஞ்ச நேரம் பார்த்தவர், பேசாமல் போனில் 1,200 அனுப்பிவிட்டார்.

சாக்கைக் குவியலில் கவிழ்த்த பையன் மூக்கைச் சுளித்தபடி கேட்டான்: "பாம்பனா, மண்டபமாண்ணே?"