ஹாங்காங்கின் காலைத் தேநீரும் மூங்கில் கூடைகளும்

நம் ஊர் சைனீஸ் உணவகங்களில் ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, சீன உணவு என்றாலே சோயா சாஸும் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பெருந்தீயில் புரட்டி எடுப்பது என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது. கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் வழியாக, இந்திய நாவுக்கு ஏற்ப வளர்ந்த சமையல் அது; அதற்கென்று தனி வரலாறும் ருசியும் உண்டு. ஆனால் தென்சீனத்தின் கான்டனீஸ் மக்கள் காலையில் தேநீரோடு உண்ணும் டிம் சம் என்னும் சிற்றுண்டி அதிலிருந்து எவ்வளவு தூரம் விலகியது என்பதை ஹாங்காங்கில்தான் தெரிந்துகொண்டேன். அங்கே காரம் அநேகமாக இல்லை, மசாலாவும் குறைவு. இறாலும் பன்றி இறைச்சியும் அரிசி மாவும் தத்தம் இயல்பான சுவையோடு, பெரும்பாலும் சிறு மூங்கில் கூடைகளில் ஆவியில் வெந்து வருகின்றன.

டிம் சம்மை வெறும் பலகார வகையாக நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அதன் பாதிதான் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே தேநீர்தான் முதன்மை. பலகாரங்கள் அதற்குத் துணையாக வருபவை. குவாங்சோ நகரத்துத் தேநீர் இல்லங்களில் வளர்ந்த இந்த வழக்கம் அங்கிருந்தே ஹாங்காங்குக்கு வந்தது. ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில், வெலிங்டன் தெருவில் உள்ள லின் ஹியூங் தேநீர் இல்லத்தின் பெயரும் 1889இல் குவாங்சோவில் தொடங்கிய கடையின் மரபில் வந்ததே. 2022இல் மூடப்பட்டபோது ஊரே வருந்திய அந்த இடம் 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. இதுபோன்ற பழைய இடங்களில் யாரும் நம்மை வரவேற்று அழைத்துப்போய் உட்கார வைப்பதில்லை. வட்ட மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே நாமாகவே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

அப்படி உட்கார்ந்த ஒரு காலையில், எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எல்லாவற்றையும் செய்து காட்டினார். மூடியிட்ட பீங்கான் கோப்பையில் ஊறிய முதல் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, அதில் சிறு குவளையை விளிம்போடு ஒரு சுற்றுச் சுற்றி, குச்சிகளின் நுனியை நனைத்துக் கழுவி, அந்த நீரை மேசையில் இருந்த வேறொரு பாத்திரத்தில் கொட்டினார். அதன் பிறகே குடிப்பதற்கான தேநீர். மூடியை மயிரிழை அளவு விலக்கிப் பிடித்து, இலைகள் உள்ளேயே தங்க, கருஞ்சிவப்பான பூ-அர் தேநீரை என் குவளையிலும் ஊற்றினார். நான் தலையசைத்து நன்றி சொன்னதும், மடக்கிய விரல்களால் மேசையை மெல்லத் தட்டிக்காட்டினார். அங்கே நன்றி சொல்வது அப்படித்தான். மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சியன்லூங் பேரரசர் தம் பரிவாரத்துக்குத் தாமே தேநீர் ஊற்ற, மண்டியிட்டு வணங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவர்கள் விரல்களையே மண்டியிட வைத்தார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் கதை. மண் வாசனையும் லேசான துவர்ப்பும் கொண்ட இந்தத் தேநீர் இல்லாமல் கொழுப்பு மிகுந்த பலகாரங்களைத் தொடர்ந்து சாப்பிட முடியாது என்பது இரண்டாவது கூடையிலேயே புரிந்துவிடும்.

ஹார் காவ் (இறால் கொழுக்கட்டை), சியூ மை (பன்றி இறைச்சிக் கொழுக்கட்டை), சார் சியூ பாவ் (வாட்டிய பன்றி இறைச்சி வைத்த பன்), முட்டை டார்ட் ஆகிய நான்கையும் டிம் சம்மின் பேரரசர்கள் என்று கொண்டாடுகிறார்கள். இவற்றுள் சமையற்காரரின் கைத்திறனுக்கு உரைகல் ஹார் காவ்தான். கோதுமை மாவிலிருந்து பசைப்புரதத்தை நீக்கி எடுத்த மாவுச்சத்தில் கொதிநீரை ஊற்றிப் பிசைந்து, சிறு உருண்டையை எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் தட்டையான பக்கத்தால் அழுத்தி ஒரே இழுப்பில் வட்டமாக்குகிறார்கள். உள்ளே இறாலை வைத்து ஒரு பக்கம் மட்டும் மடிப்பு மடிப்பாகச் சேர்த்து மூடுகிறார்கள். ஏழு மடிப்புக்குக் குறைந்தால் தேர்ந்தவர்கள் மதிப்பதில்லை. வேகும் வரை சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கும் தோல், வெந்ததும் உள்ளிருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு தெரியும்படி கண்ணாடியாகிவிடுகிறது. குச்சியால் தூக்கும்போது கிழியாமலும், கடிக்கும்போது பல்லில் ஒட்டாமலும் இருக்க வேண்டும். ஆறிவிட்டால் தோல் இறுகிப்போகும் என்பதால் கூடை வந்தவுடன் சாப்பிட்டுவிடுவதே நல்லது.

சியோங் ஃபன்னைப் பார்த்தபோது எனக்கு அம்மா துணி விரித்து வார்க்கும் இட்லி நினைவுக்கு வந்தது. நீர்க்க அரைத்த அரிசி மாவைத் துணியின் மேல் மெல்லிதாகப் பரப்பி, ஆவியில் வேக வைத்து, துணியோடு எடுத்துக் கவிழ்த்துச் சுருட்டுவது அதன் பழைய முறை. வழுவழுப்பான அந்தச் சுருளின் மேல் இனிப்புச் சோயா சாஸை ஊற்றித் தருகிறார்கள். கோழிக்கால்களை முதலில் தயக்கத்தோடுதான் எடுத்தேன். எண்ணெயில் பொரித்து, தோல் உப்பி மிருதுவாகும்படி குளிர்நீரில் ஊற வைத்து, கருப்பு பீன்ஸ் சாறில் நெடுநேரம் வேக வைத்த அந்தப் பலகாரத்தில் இறைச்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாறு ஊறிய தோலை எலும்பிலிருந்து உறிஞ்சிச் சுவைப்பதுதான் இன்பம். இப்போது போகும் இடமெல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

கூடைகளை அடுக்கிய தள்ளுவண்டிகள் ஹாங்காங்கில் அருகி வருகின்றன. பெரும்பாலான உணவகங்களில் தாளில் குறித்துக் கொடுத்தால் சமையலறையிலிருந்து சுடச்சுட வருகிறது. ருசி என்று மட்டும் பார்த்தால் தாள் முறையே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2009இல் மாங் காக்கில் ஒரு சிறு கடையாகத் தொடங்கி, உணவகங்களைத் தரப்படுத்தும் மிச்செலின் கையேட்டின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு நட்சத்திரம் பெற்ற டிம் ஹோ வான் அந்த முறைக்கு நல்ல உதாரணம்; மொறுமொறுப்பான இனிப்பு மேலோட்டுடன் அடுப்பில் வாட்டிய அவர்களுடைய சார் சியூ பாவ் சூட்டோடு சாப்பிட்டால்தான் அதன் பெருமை தெரியும். ஆனாலும் மொழி தெரியாமல் வருகிறவனுக்கு வண்டியைப் போல் உதவி வேறில்லை. மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, கண்ணால் பார்த்து, விரலால் சுட்டி எடுத்துக்கொண்டு, எடுத்ததற்குக் கணக்காக மேசை அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். 1933இல் தொடங்கி, இப்போது ஸ்டான்லி தெருவில் இருக்கும் பெயர் பெற்ற லுக் யூ தேநீர் இல்லம் இதிலிருந்து மாறுபட்டது. மர வேலைப்பாடும் வண்ணக் கண்ணாடியும் நிறைந்த அது அமைதியானது, விலையும் அதிகம்.

சைவ உணவுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். முள்ளங்கிப் பணியாரம் என்று தோன்றும் ‘லோ பாக் கோ’ என்னும் பலகாரத்திலும் பெரும்பாலும் உலர்ந்த இறாலும் சீன இறைச்சித் துண்டுகளும் இருக்கும். முட்டை டார்ட்டின் மேலோட்டிலும் பன்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. அவர்களுக்கு டைமண்ட் ஹில் பகுதியில், சி லின் பௌத்தப் பெண் துறவியர் மடத்தை ஒட்டிய நான் லியான் பூங்காவுக்குள் அருவியின் பின்னே அமைந்த சைவ உணவகத்தைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

சாப்பிட்டதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று தேநீருக்குத் தனிக் கட்டணம் உண்டு. வெந்நீர் எத்தனை முறையும் கிடைக்கும், தேநீர்ப் பாத்திரத்தின் மூடியைச் சற்று விலக்கி வைத்தால் போதும், பணியாளர் கெட்டிலுடன் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி முதல் பேத்தி வரை முழுக் குடும்பங்களும் வந்துவிடுவதால் இடத்துக்காகக் காத்திருக்க நேரும். நிதானமாக உட்கார்ந்து சாப்பிட விரும்புகிறவர்கள் வாரநாள் ஒன்றில், விடிந்ததும் கிளம்பிப் போவது நல்லது.